பாதிச் சொல்லின் பூர்வீகம்

கோடிட்ட இடத்தை நிரப்பியே வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆண்டு, ஊர், மன்னர் பெயர் என்று எதையாவது எழுதிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போவோம். டூயோலிங்கோ ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அக்கா மகள் காட்டிய கேள்வி அந்த ரகம் இல்லை. திரையில் ஒரு பத்தி. முதல் வாக்கியம் முழுசாக இருந்தது. அதற்குப் பிறகு பல சொற்களுக்கு வாலைக் காணோம். வால் இருந்த இடத்தில் எழுத்துக்கு ஒன்றாகச் சின்னக் கட்டங்கள். முடிக்க மூன்று நிமிடம்.

"எந்தப் புண்ணியவான் மாமா இதைக் கண்டுபிடிச்சது?" என்றாள். எரிச்சலில் கேட்டதுதான், ஆனாலும் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. 2026 ஜனவரியில் புது வடிவத்துக்கு மாறிய டோஃபல் தேர்வின் வாசிப்புப் பகுதியிலும் இதே வகைக் கேள்வி வந்துவிட்டது. இதற்கென்று விற்கும் வழிகாட்டிகளைப் புரட்டினால் எல்லாம் ஒரே உபதேசம்: இந்தச் சொற்பட்டியலை மனப்பாடம் செய். சொல்வளத்தைச் சோதிக்கத்தான் இது பிறந்ததா என்று பார்க்கக் கிளம்பினேன்.

டூயோலிங்கோ தேர்வை நடத்துகிறவர்கள் வெளியிடும் தொழில்நுட்பக் கையேடுதான் முதல் தடம். அதில் இந்தக் கேள்விக்கு 'சி-டெஸ்ட்' என்று பெயர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் போய் நிற்கிறோம். 1981. உல்ரிக் ராட்ஸ், கிறிஸ்டீன் க்ளைன்-ப்ரேலி என்ற இருவர் உருவாக்கியது. அவர்கள் வகுத்த விதி கறாரானது. முதல் வாக்கியத்தைத் தொடாதே. இரண்டாம் வாக்கியத்தின் இரண்டாவது சொல்லில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை வெட்டு. எழுத்துகள் ஒற்றைப்படையில் இருந்தால் பெரிய பாதியை வெட்டு. ஓரெழுத்துச் சொல்லை விட்டுவிடு. தேவையான இடைவெளிகள் கிடைத்ததும் மிச்சப் பத்தியை அப்படியே விட்டுவிடு. இதில் மனிதர் தேர்ந்தெடுப்பதற்கு எதுவுமே இல்லை. 'இந்தச் சொல் தெரியுமா பார்க்கலாம்' என்று ஒரு வாத்தியார் பொறுக்கி வைத்த கேள்வி அல்ல இது. கத்தரி கண்ணை மூடிக்கொண்டு விழுகிறது.

முழுச் சொல்லை எடுக்காமல் இப்படிப் பாதியை மட்டும் வெட்டக் காரணம், அவர்களுக்கு முன்பே இருந்த 'க்ளோஸ்' என்ற முறைமீது அவர்களுக்கு இருந்த அதிருப்தி. அதில் ஐந்தாவது, பத்தாவது என்று முழுச் சொற்களை எடுத்துவிடுவார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதை மாற்றினால் தேர்வின் கடினமும் மாறிவிடும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட படித்தவர்கள்கூட முழு மதிப்பெண் எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் ஒரு வெற்றிடத்தில் நான்கைந்து சொற்கள் பொருந்தும். பாதிச் சொல்லை விட்டுவைத்தால் அந்தச் சண்டை இல்லை. தாய்மொழிக்காரர் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும், அப்படி நிரப்ப முடியாத பத்தி தேர்வுக்கு லாயக்கில்லை என்பது டூயிஸ்பர்க்காரர்கள் வைத்த அளவுகோல்.

க்ளோஸுக்குத் தகப்பன் வில்சன் டெய்லர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காரர். அவருடைய கட்டுரை 1953-ல் வந்தது ஓர் இதழியல் சஞ்சிகையில், மொழிப்பாட சஞ்சிகையில் அல்ல. இதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சோதிக்க நினைத்தது வாசகரை அல்ல, எழுத்தை! ஒரு பத்தி படிக்க எளிதா கடினமா என்று சொல்ல அன்றைக்குச் சூத்திரங்கள் இருந்தன. அவை வாக்கிய நீளத்தையும் சொல்லின் நீளத்தையும் எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். டெய்லர் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் உரைநடையை எடுத்தார். சின்னச் சின்னச் சொற்கள், ஆகவே சூத்திரம் 'எளிது' என்றது. சொற்களை எடுத்துவிட்டு வாசகர்களை நிரப்பச் சொன்னால் திணறினார்கள். ஸ்டைனைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொண்ட எவருக்கும் யார் பக்கம் நியாயம் என்பது தெரியும்.

இன்னும் பின்னால் போனால் 1897, ப்ரெஸ்லாவ் நகரம். அன்றைக்கு ஜெர்மனியில் இருந்தது, இன்று போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப். பள்ளிக்கூடத்தில் காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் பாடம் நடத்தினால் பிள்ளைகளின் மூளை களைத்துப்போகிறதா என்று அங்கே ஒரு விவாதம். கணிக்கும் பொறுப்பில் சேர்ந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதியை அளந்து 1885-லேயே பெயர் வாங்கியிருந்த உளவியலாளர். பிள்ளைகளுக்கு மூன்று வேலை கொடுத்தார்: கூட்டல் பெருக்கல், எண்களை நினைவில் வைத்துச் சொல்வது, மூன்றாவதாக எழுத்துகளும் அசைகளும் சொற்களும் உதிர்ந்த ஒரு பத்தியை நிரப்புவது. வகுப்பில் முன்னிற்கும் பிள்ளைகளையும் பின்தங்கியவர்களையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது மூன்றாவதுதான். சிதறிக் கிடப்பதைச் சேர்த்து ஒரு முழுமையாக்கும் திறனே அறிவு என்று அவர் வாதிட்டார். ஆல்ஃப்ரெட் பினே 1905-ல் அமைத்த நுண்ணறிவு அளவுகோலிலும் இந்த நிரப்பும் வேலை இடம்பிடித்தது.

(சற்று விலகிப் போகிறேன். அதே பத்தாண்டில், 1894-ல், உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார். ஏடு சிதைந்து எழுத்து போன இடங்களில் புள்ளிகள். அவரைவிட நன்றாக ஊகித்து நிரப்பக்கூடியவர் யார் இருந்திருப்பார்? நிரப்பவில்லை. பதிப்பாசிரியருக்கு அதுதான் தேர்ச்சி.)

ஆக, பிள்ளைகளின் களைப்பு, பத்திரிகை நடையின் எளிமை, பிறகுதான் மொழித் தேர்ச்சி. இந்த வம்சாவளியில் மனப்பாடப் பட்டியலுக்கு இடமே இல்லை. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே சங்கதி: மொழியில் தேவைக்கு மேல் தகவல் இருக்கிறது. 1951-ல் தகவல் கோட்பாட்டு அறிஞர் க்ளாட் ஷானன் அடுத்து வரும் எழுத்தை ஆட்களை விட்டு ஊகிக்கச் சொல்லி, நீண்ட ஆங்கிலப் பத்தியில் முக்கால் பங்கு மிகை என்று மதிப்பிட்டார். ஒன்றுவிட்டு ஒரு சொல்லில் பாதி என்றால் சேதமான பகுதியில் போவது ஏறக்குறைய கால் பங்குதான். ஷானன் கணக்குப்படி தாராளமாக மீட்டுவிடலாம்.

எப்படி மீட்பது? விதியே வழி சொல்கிறது. பெரிய பாதி போகிறது என்பதால், கண்ணில் படும் எழுத்து இரண்டு என்றால் காணாமல் போனது இரண்டு அல்லது மூன்று. இந்தத் தேர்வுகளில் கட்டமும் எண்ணிக் கொடுக்கப்படுவதால் அந்தச் சந்தேகமும் இல்லை. டி-எச் நின்று இரண்டு கட்டம் இருந்தால் தட், திஸ், தே, தெம், தென், தான் எனப் பெரும்பாலும் ஒரு சிறு கும்பல்தான். மூன்று கட்டம் என்றால் கும்பல் வேறு: தேர் இரண்டு விதம், தீஸ், தோஸ். கத்தரி கண்மூடி விழுவதால், அடிபடுவதில் கணிசமானவை இப்படிப்பட்ட சின்ன இலக்கணச் சொற்கள்தான். ஆகவே அவற்றை முதலில் போட்டுவிட வேண்டும். வாக்கியத்தின் எலும்புக்கூடு எழுந்து நின்றுவிடும், பெரிய சொற்கள் அதன்மேல் தாமாக வந்து உட்காரும்.

பலர் கோட்டைவிடுவது வலப்பக்கம் பார்க்காததில். டபிள்யூ-ஈ, இரண்டு கட்டம்: வேர், வென்ட், வெல், வீக், வெஸ்ட் எல்லாம் பொருந்தும். முன்னால் 'ஃபார்மர்ஸ்' என்று பன்மை, பின்னால் 'ஐஎன்ஜி'யில் முடியும் வினை என்றால் பெரும்பாலும் 'வேர்'தான் நிற்கும், எப்போதாவது 'வென்ட்'. இது நமக்குப் புதிதே அல்ல. 'வந்' என்று எழுதி இரண்டெழுத்தை மறைத்துப் பாருங்கள். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தேன் என அத்தனையும் வரிசையில் நிற்கின்றன. எழுவாயைப் பார்த்ததும் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. தமிழில் அதை யோசிக்காமலே செய்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேகம் வரப் படித்துப் படித்துப் பழகுவதைத் தவிர வேறு மார்க்கம் எனக்குத் தென்படவில்லை. தலைப்புச் சொல் பத்திக்குள் திரும்பத் திரும்ப வரும் என்பதால், முழுசாக விடப்பட்ட முதல் வாக்கியத்தை ஓடிக் கடக்காமல் நின்று படிப்பதும் லாபம்.

டூயிஸ்பர்க்காரர்களின் கத்தரிக்கும் ஒரு குட்டு விழுந்தது. 1995-ல் ஜஃபார்பூர் என்ற ஆய்வாளர், எங்கே தொடங்கி எவ்வளவு வெட்டுகிறோம் என்பதை மாற்றினால் சி-டெஸ்ட்டும் வேறு வேறு தேர்வாகிவிடுகிறது என்று காட்டினார். க்ளோஸில் எதைக் குறை என்றார்களோ அதே குறை. தேர்வு எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. ஏதாவது ஒரு நல்ல ஆங்கிலப் பத்தியை எடுத்து, இரண்டாவது சொல்லிலிருந்து ஒருமுறை, மூன்றாவதிலிருந்து மறுமுறை வெட்டினால் ஒரே பத்தி இரண்டு பயிற்சியாகும். முதலாவதில் தப்பிய சொற்களில் பெரும்பாலானவை இரண்டாவதில் அடிபடும்.