நீல முட்டையும் பிந்தி வந்த திருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்த செய்தியை ஊரே படிக்கும். அது தவறென்று சில நாட்களின் பின்னர் உட்பக்க மூலையில் வரும் திருத்தத்தைப் படிப்பவர் மிகச் சிலரே. நிற முட்டையிடும் கோழியினங்களைப் பற்றி அண்மையில் படித்துக்கொண்டிருந்தபோது, இந்த நியதி கோழிகளின் வரலாற்றிலும் செல்லுபடியாகியிருப்பதைக் கண்டு வியந்தேன்.

கதை சிலி நாட்டில் தொடங்குகிறது. அந்நாட்டின் ஆதிக்குடிகளான மப்புச்சே மக்களை ஸ்பானியர் அரௌகானியர் என்று அழைத்தனர். அம்மக்களின் கோழிகளுட் சில நீல நிற முட்டையிட்டன. 1914 இல் சிலிக்குச் சென்ற ஸ்பானியக் கோழி வளர்ப்புப் பேராசிரியர் சல்வடோர் கஸ்டெல்லோ, வாலில்லாமலும் காதோரம் இறகுக் கற்றைகளோடும் நீல முட்டையிடும் கோழிகளைக் கண்டார். 1921 இல் ஹேக் நகரில் நடைபெற்ற முதலாவது உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில், அவற்றைத் தனித்ததோர் இனமென அறிவித்தார். ‘அரௌகானா’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

உண்மை வேறாக இருந்தது. சிலியில் கொயொன்கா என்ற கோழி வாலில்லாதது, நீல முட்டையிடுவது. கேத்ரோ என்ற இன்னொன்று வாலுடையது, காதோரம் இறகுக் கற்றை கொண்டது, நீல முட்டையிடாதது. ரூபென் பஸ்டோஸ் என்பவர் இவ்விரண்டையும் பல ஆண்டுகள் கலந்து வளர்த்ததன் பயனே பேராசிரியர் கண்ட கோழிகள். 1924 இல் பார்சலோனாவில் கூடிய அடுத்த மாநாட்டில் கஸ்டெல்லோ தமது முந்திய கூற்றைத் திருத்திக் கொண்டார். ஆனால் திருத்தம் நடந்து வருவதற்குள் செய்தி ஓடிவிட்டது. 1927 இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை கோழியினங்கள் பற்றிய கட்டுரையை வண்ணப் படங்களுடன் வெளியிட்டு, அமெரிக்கர்களின் ஆவலைத் தூண்டியது. சிலியிலிருந்து கோழிகள் வந்தன. வந்தவை உள்ளூர்க் கோழிகளுடன் கலந்தன. நீல முட்டையிட்டதெல்லாம் அரௌகானா என்று விற்கப்பட்டது.

இக்குழப்பத்தைத் தீர்க்க அரை நூற்றாண்டு சென்றது. அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் அரௌகானாவை 1976 இலும் அமெரௌகானாவை 1984 இலும் தனித்தனி இனங்களாக ஏற்றது. அச்சங்கத்தின் இலக்கணப்படி அரௌகானாவுக்கு வால் இல்லை. காதருகே தோற்குமிழிலிருந்து இறகுக் கற்றை முளைத்திருக்கும். அமெரௌகானாவுக்கு வால் உண்டு, கற்றை இல்லை, பதிலாகக் கன்னமீசையும் தாடியும் உள்ளன. நீல முட்டையிடும் கலப்புக் கோழிகளுக்கு அங்கு ‘ஈஸ்டர் எக்கர்’ என்று பெயர். அவற்றுக்கும் பெரும்பாலும் தாடி இருப்பதால் அமெரௌகானா என்ற பெயரில் எளிதில் விற்றுவிடலாம். காலைப் பாருங்கள். அமெரௌகானாவின் கால் கரும்பலகை நிறத்தது. பச்சையோ மஞ்சளோ கலந்த கால் கலப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கிலாந்தில் விதி வேறு. அங்கு அரௌகானா என்று கொள்ளப்படுவது வாலும் தலைக் குடுமியும் தாடியும் உடைய கோழி. ஒரே பெயர் இரு நாடுகளில் இரு உருவங்களைச் சுட்டுகிறது.

அமெரிக்க அரௌகானாவின் காதுக் கற்றைக்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. அக்கற்றையைத் தரும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால், குஞ்சு பொரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே கோதுக்குள் இறந்துவிடும். எனவே கற்றையுடைய சேவலையும் பேட்டையும் இணைத்தால், கருவில் காற்பங்கு அழிவது நியதி. அம்மரபணுவை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவை பிழைக்கும். அந்த அழகைக் குறைவின்றிப் பெருக்க இயற்கை இடங்கொடுப்பதில்லை.

சரி, முட்டையை வைத்துக் கோழியை அறியலாமா? உடைத்த கோதின் உட்புறம் ஓரளவு பேசும். கபில நிற முட்டையின் உட்புறம் வெண்மையாயிருக்கும். புரோட்டோபோபிரின் என்ற நிறமி கோது உருவாகும் இறுதிக் கட்டத்தில் வெளிப்புறத்தில் பூசப்படுவதே காரணம். நீலத்தைத் தரும் பிலிவேர்டின் கோது முழுவதும் ஊறியிருப்பதால் உட்புறமும் நீலமாகவே இருக்கும். நீலக் கோதின்மேல் கபிலம் படிந்தால் வெளியே பச்சை, உள்ளே நீலம். ஆகவே பச்சை முட்டை என்பது தனி நிறமன்று. இரு பரம்பரைகளின் கூட்டு.

ஆனால் அங்கும் முடிந்த முடிவு கிடைக்காது. நீல நிறத்துக்கான மரபணு ஆட்சியுடையது. பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அதைப் பெற்ற எந்தக் கலப்புக் கோழியும் நீல முட்டையிடலாம். 2013 இல் வெளியான ஆய்வுகள் இதன் மூலத்தைக் கண்டறிந்தன. பண்டைய வைரஸ் ஒன்றின் துணுக்கு கோழியின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து, அருகிலிருந்த மரபணுவைக் கோது உருவாகும் உறுப்பில் விழித்தெழச் செய்துள்ளது. சீனாவின் டொங்சியாங், லூஷி இனங்களும் நீல முட்டையிடுவனவே. அவற்றில் அத்துணுக்கு புகுந்த இடம் தென்னமெரிக்கக் கோழியில் புகுந்த இடத்திலிருந்து சற்று வேறுபட்டது. ஆகவே இது இரு வேறு தடவைகள் நிகழ்ந்த நிகழ்ச்சி. நீல முட்டை எல்லாம் சிலியின் வாரிசு என்பதும் பொய்யாயிற்று.

சேவல் முட்டையிடாது. அதில் நீல மரபணு ஒளிந்திருப்பதை அறிய வளர்ப்போர் கொண்டையைப் பார்ப்பர். மூன்று வரிசைப் புடைப்புகளாகத் தாழ்ந்திருக்கும் பட்டாணிக் கொண்டையின் மரபணு, நீல மரபணுவுக்கு அண்மையில் ஒரே நிறமூர்த்தத்தில் இருப்பதால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கும். இதுவும் தடயமே, சாட்சியன்று. கேம்பிரிட்ஜில் பனெட், மைக்கல் பீஸ் ஆகியோரின் பணியிலிருந்து தோன்றிய கிரீம் லெக்பார், பல்லிட்ட ஒற்றைக் கொண்டையுடனேயே நீல முட்டையிடுகிறது. காதுச் சோணை வெள்ளையானால் வெள்ளை முட்டை, சிவப்பானால் கபில முட்டை என்ற பழைய நம்பிக்கையும் அவ்வாறே. அது பல இனங்களுக்குப் பொருந்தும். சிவந்த சோணையுடைய அமெரௌகானாவிடம் தோற்றுப்போகும்.

ஒரு கோழியின் இனத்தை நிச்சயிக்க வால், தாடி, கால், கொண்டை, முட்டை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பதுடன், தாய் தந்தையரின் பதிவையும் கேட்க வேண்டும். பதிவில்லாத இடத்தில் பெயர் வெறும் விலைச் சீட்டுத்தான்.

விலைச் சீட்டு என்றதும் நம் நாடு நினைவுக்கு வருகிறது. 2022 ஆகஸ்டில் நுகர்வோர் விவகார அதிகார சபை வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் கபில நிற முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையாக நிர்ணயித்தது. முட்டையின் சத்து கோழி உண்ணும் தீனியையும் அதன் வளர்ப்பையும் பொறுத்தது. கோதின் நிறத்தைப் பொறுத்ததன்று. ஆயினும் நிறத்துக்கு இரண்டு ரூபா கூடுதலாகக் கொடுத்தோம். அமெரிக்கர் நீலத்துக்குக் கொடுக்கிறார்கள். நாம் கபிலத்துக்குக் கொடுக்கிறோம்.

கஸ்டெல்லோவை நான் குறை சொல்லமாட்டேன். கண்டதைச் சொன்னார்; பிழையென்று தெரிந்ததும் உலக சபையிலேயே திருத்தினார். எத்தனை ஆசிரியர்கள் அதைச் செய்வார்கள்? அவருடைய திருத்தத்தை வாசிக்காமல் முதற் செய்தியை மட்டும் நூறாண்டாக விற்றுக்கொண்டிருப்பவர்களிடமே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கோழிச் சந்தையிலும் சரி, செய்திச் சந்தையிலும் சரி.