நம்மில் யார் எட்டப்பன்?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாக்பூரைத் தாண்டிவிட்டது. தில்லியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரை தீர்ந்தாயிற்று. ஜன்னலும் அலுத்துவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசித் தாள் கிழிபட்டு நாலு துண்டாகிறது. ராஜா, மந்திரி, சோர், சிபாஹி. தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் என்பதால் திருடன் 'சோர்' ஆகிவிட்டான், போலீஸ்காரர் 'சிபாஹி'. சீட்டுகளை மடித்துக் குலுக்கிப் போட்டதும் நாலு கைகள் பாய்கின்றன.

இந்தியக் குழந்தைகளுக்கு விதிமுறை சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜாவுக்கு 1000, மந்திரிக்கு 800, சிபாஹிக்கு 500, திருடனுக்குப் பூஜ்யம். ராஜா சீட்டைக் காட்டி, "என் மந்திரி யார்?" என்று கேட்பார். மந்திரி தன்னை வெளிக்காட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் இருவரில் திருடன் யார் என்று சொல்ல வேண்டும். தவறினால் அவருடைய 800 திருடனுக்குப் போய்விடும்.

இந்த முறை மந்திரியான அண்ணன், எட்டு வயதுத் தங்கையைக் கை காட்டுகிறான். சீட்டைப் பிரித்தால் சிபாஹி. அவள் மேல் பழி விழுவது இது மூன்றாவது தடவை.

"நான் சும்மாதானே இருந்தேன்? எப்பவும் என்னையே ஏன்டா சொல்றே?"

"உன் முழியே திருட்டு முழி!"

அழுகை வருவதற்குள் அம்மா தலையிட வேண்டியிருக்கிறது.

கூட இருந்தே குழி பறிப்பவனைத் தேடும் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் மூலப் பிரச்சினை இந்தச் சண்டைதான். கூட்டத்துக்குள் ஒரு துரோகி. அவன் யார் என்று தெரியாது. அந்தத் தேடலில் நமக்குத் தீராத மோகம். தமிழில் எட்டப்பன், இந்தியில் ஜெய்சந்த், வங்காளத்தில் மீர் ஜாபர் என்று ஒவ்வொரு மொழியும் ஒரு பெயரை வசைச்சொல்லாகவே வைத்திருக்கிறது. அந்த ஆசாமிகளுக்கு வரலாறு நியாயம் செய்ததா என்பது வேறு விவாதம். பெயர்கள் மட்டும் புழக்கத்தில் நிலைத்துவிட்டன.

நாலு சீட்டு ஆட்டத்தில் ஒரு குறை உண்டு. அதில் சாட்சியம் கிடையாது. இருவரில் ஒருவர் என்பதால் காசு சுண்டிப் போட்டாலும் பாதி வாய்ப்பு. முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு. சட்டென்று முகம் மாறுகிறவர்கள் ஆயுள் முழுக்கத் திருடர்கள்.

வட இந்தியாவில் பெரியவர்கள் ஆடும் 'காலி தீரி' சீட்டாட்டத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஏலத்தில் ஜெயித்தவர் துருப்பை அறிவித்துவிட்டு, தனக்கு வேண்டிய ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அது யார் கையில் இருக்கிறதோ அவர் ரகசியக் கூட்டாளி. சீட்டு கீழே விழும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். ஆனால் எதிராளிக்குப் போக வேண்டிய இஸ்பேடு மூன்றை - பல வீடுகளில் அதற்கு 30 புள்ளி - ஏலம் எடுத்தவர் பக்கம் யாராவது தள்ளிவிட்டால் மற்றவர்கள் புருவம் உயரும். இங்கே ஆளைக் காட்டிக்கொடுப்பது அவர் செய்யும் காரியம், முழி அல்ல.

1986இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி தவிதோவ் இந்த வகை ஆட்டத்துக்குப் புது ரத்தம் பாய்ச்சினார். அவர் உருவாக்கிய 'மாஃபியா'வுக்குப் பலகையும் வேண்டாம், காயும் வேண்டாம். சிலர் மாஃபியா, மற்றவர்கள் ஊர்மக்கள். மாஃபியாக்காரர்களுக்குத் தங்கள் ஆட்கள் யார் என்று தெரியும். ஊருக்கு ஒன்றும் தெரியாது. இரவில் எல்லோரும் கண்ணை மூட, மாஃபியா ஒருவரைத் தீர்த்துக்கட்டும். பகலில் ஊர் கூடிப் பேசி, வாக்களித்து ஒருவரை வெளியேற்றும்.

கணக்கைப் பார்த்தால் வயிறு கலங்கும். 7 பேரில் 2 மாஃபியா என்று வைத்துக்கொள்வோம். முதல் பகலில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் காட்டினால், அவர் அப்பாவியாக இருக்கும் வாய்ப்பு 7இல் 5. அன்றிரவு இன்னொரு அப்பாவி போவார். மறுநாள் பகலிலும் ஊர் தவறினால், 2க்கு 2 என்று சமநிலை; ஆட்டம் மாஃபியாவுக்கு. இரண்டே இரண்டு தவறான தீர்ப்பில் ஊர் காலி. துப்பறிவாளர் போன்ற சிறப்புப் பாத்திரங்கள் இல்லாத ஆட்டத்தை 2008இல் ஆராய்ந்த கணிதவியலாளர்கள், மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவில் மாஃபியா இருந்தாலே போட்டி சரிசமமாகிவிடும் என்று காட்டினார்கள். அதாவது ஊர் நாலு மடங்கு பெருத்தாலும் துரோகிகள் இரண்டு மடங்கானால் போதும். பாதி வேலையை ஊரே செய்துகொடுத்துவிடுகிறது.

2018இல் வெளிவந்து, 2020 ஊரடங்கின்போது வீட்டுக்கு வீடு செல்போனில் புகுந்த 'அமங் அஸ்' இதே குடும்பத்தில் பிறந்ததுதான்.

மாஃபியாவிலும் சாட்சியம் குறைவு. தவிர, முதலில் வெளியேறியவர் மீதி நேரம் கொட்டாவி விட வேண்டியதுதான். டான் எஸ்க்ரிட்ஜின் 'தி ரெசிஸ்டன்ஸ்' (2009) இரண்டையும் சரிசெய்தது. யாரும் வெளியேறுவதில்லை. 5 பேர் ஆடினால் 2 பேர் உளவாளிகள். மொத்தம் 5 பணிகள். 3இல் ஜெயிக்கிற தரப்புக்கு வெற்றி. தலைவர் ஒரு குழுவை முன்மொழிவார். எல்லோரும் பகிரங்கமாக வாக்களிப்பார்கள். குழு ஏற்கப்பட்டால், அதில் இருப்பவர்கள் 'வெற்றி' அல்லது 'தோல்வி' அட்டையை ரகசியமாகப் போடுவார்கள். ஒரே ஒரு 'தோல்வி' விழுந்தாலும் பணி பாழ்.

யார் யாரை ஆதரித்தார்கள் என்பது எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. பொய்யன் கூட ஒரு வரலாற்றை விட்டுச் செல்கிறான். ஆட்டத்தின் சூட்சுமமான விதி இன்னொன்று: அடுத்தடுத்து ஐந்து குழுக்களை நிராகரித்தால் உளவாளிகள் ஜெயித்துவிடுவார்கள். எல்லோரையும் சந்தேகிப்பவனும் தோற்பான். 5 பேரில் மூவர் குழுக்கள் பத்து அமைக்கலாம். உளவாளியே இல்லாத குழு அதில் ஒன்றுதான். அதைத் தேடிப் பிடிக்க, யாரையாவது நம்பித் தொடங்கியாக வேண்டும். உளவாளியின் பாடும் லேசானதல்ல. நம்பிக்கையைச் சம்பாதிக்க அவன் முதலில் ஒழுங்காக 'வெற்றி' அட்டை போட்டு உழைக்க வேண்டியிருக்கிறது.

செர்ஜ் லஜே, புரூனோ கத்தாலா என்ற இருவர் 2005இல் தந்த 'ஷேடோஸ் ஓவர் கேம்லாட்' இன்னும் ஒரு படி மேல். ஆர்தர் அரசனின் வீரர்கள் வட்டமேஜையில் வாள்களைச் சேர்க்கிறார்கள். வெள்ளை வாள் அதிகமிருந்தால் வெற்றி. 8 விசுவாச அட்டைகளில் ஒன்றுதான் துரோகி. ஆடுபவர்கள் அதிகபட்சம் 7 பேர் என்பதால், துரோகி அட்டை யார் கைக்கும் வராமலே போகலாம். 5 பேர் ஆடினால் துரோகி இருக்கும் வாய்ப்பு 8இல் 5 மட்டுமே. ஆனாலும் சந்தேகம் முழு வீச்சில் நடக்கும். தவறாக ஒருவர் மேல் பழி சுமத்தினால் ஒரு வெள்ளை வாள் கறுப்பாகத் திருப்பப்படும். பழிச்சொல்லுக்கு அங்கே அபராதம் உண்டு.

நல்ல துரோகி ஆட்டம் என்று எதைச் சொல்வது என்பதற்கு இந்த வாள்தான் அளவுகோல். பொய் சொல்ல வாய்ப்புத் தருவது எளிது. நாலு துண்டுக் காகிதம் போதும். சந்தேகப்படுபவனுக்கும் ஒரு விலை வைக்கிற ஆட்டமே மனதில் நிற்கிறது.

ஆட்டத்துக்கு வெளியே அந்த விலையை யாரும் கொடுப்பதில்லை. வீட்டில் மோதிரம் காணாமல் போனால் முதல் பார்வை வேலைக்காரப் பெண் மேல் விழுகிறது. அவள் பதறினால் அதுவே சாட்சி. பதறாமல் நின்றால் நெஞ்சழுத்தக்காரி. பிறகு மோதிரம் பீரோவின் அடித்தட்டில் கிடைக்கும். அதற்குள் அவள் வேறு வீடு பார்த்துப் போயிருப்பாள். விளையாட்டில் கடைசியில் எல்லாச் சீட்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும். தெருவிலும் அலுவலகத்திலும் பெரும்பாலான சீட்டுகள் பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போகின்றன.

ரயிலில் அடுத்த ஆட்டம். மறுபடி அண்ணன்தான் மந்திரி. தங்கையைப் பார்க்கிறான். அதே முழி. சற்று முன் வாங்கிய திட்டு நினைவுக்கு வர, எதிர் சீட்டுப் பையனைக் காட்டுகிறான். அவன் சீட்டில் சிபாஹி. தங்கை தன் துண்டுக் காகிதத்தை மெதுவாகப் பிரிக்கிறாள்: சோர். 800 புள்ளி அவளுக்கு.

முழி இரண்டு தடவையும் ஒன்றுதான். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சீட்டுகளைப் பொறுக்கி மடிக்கிறான். பல்ஹார்ஷா வருவதற்குள் இன்னும் பத்து ஆட்டமாவது ஆடலாம்.