மேகம் ஏறும் மலை

"உலகத்திலேயே அதிகமாக மழை பெய்யும் இடம் எது?" என்று பூகோள உபாத்தியாயர் கேட்டதும், "சிரபுஞ்சி!" என்று கூவாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? சராசரிக் கணக்கில் பக்கத்துக் கிராமமான மௌஸின்ராம் அதைச் சற்று மிஞ்சிவிட்டது என்பது வேறு விஷயம். ஊராருக்கோ அது சிரபுஞ்சியே அல்ல, "ஸோரா". காஸி மலைவாசிகள் இட்ட அந்தப் பெயர் வெள்ளைக்காரர் நாவில் சிதைந்து 'செர்ரா' ஆயிற்று. (இந்தக் காஸிக்கும் கங்கைக் கரைக் காசிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.)

ஷில்லாங்கிலிருந்து தெற்கே சுமார் 30 மைல் சென்று ஊர் ஓரத்தை அடைந்தால், காலடியில் பூமி சட்டென்று முடிந்துவிடுகிறது. 4,000 அடிக்குக் கீழே, வங்காள தேசத்தைச் சேர்ந்த சில்ஹெட் சமவெளி. ஆடி மாதத்தில் அது ஒரே வெள்ளக்காடு. வங்காள விரிகுடாவில் ஈரத்தைப் பருகிப் புறப்படும் பருவக் காற்றுக்கு, 200 மைலுக்கு மேல் வழியில் தடையென்று ஒரு குன்று இல்லை. திடீரென்று இந்த மலைச் சுவர் குறுக்கிடுகிறது. செங்குத்தான பள்ளத்தாக்குகள் காற்றை நெருக்கி மேலே தள்ளுகின்றன.

மேலே போனால் என்ன? சைக்கிள் டியூபிலிருந்து பீறிடும் காற்றில் விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருக்கும். அழுத்தம் குறைந்து விரியும் காற்று குளிரும். மலையேறும் காற்றும் அவ்வாறே, மேகம் கட்டும் வரையில் 1,000 அடிக்குச் சுமார் 3 டிகிரி சென்டிகிரேட் வீதம் குளிர்கிறது. குளிரக் குளிர, நீராவி ஆவியாக நிற்க மாட்டாமல், மிதக்கும் தூசியின் மீதும் கடலுப்புப் பொடியின் மீதும் நீராகப் படிகிறது. அதுவே மேகம். அத்திவலைகள் மிதக்குமேயன்றி எளிதில் விழமாட்டா. ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, ஏறக்குறையப் பத்து லட்சம் திவலைகள் கூடினால்தான் ஒரு மழைத்துளி! சித்திரை மாதத்து இடிமேகங்கள் இன்னும் உயரே சென்று உறைந்து, ஆலங்கட்டியாகப் பொழிவதும் உண்டு.

1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை இங்கே பெய்தது 1,041 அங்குலம். 1995 ஜூன் 16 அன்று ஒரே நாளில் 61 அங்குலம்; சென்னைக்கு வருஷம் முழுவதும் கிடைப்பதே சுமார் 55 அங்குலந்தான். வயலில் வேலை செய்வோர் மூங்கிலாலும் இலையாலும் முடைந்த "க்னூப்" என்னும் கூட்டை, ஆமை ஓடு போலத் தலை முதல் முதுகு வரை கவிழ்த்துக்கொள்கிறார்கள். நம் குடை இங்கே வெறும் அலங்காரம். ஈரத்தைக் கொட்டித் தீர்த்த காற்று ஷில்லாங்கை அடையும்போது, நாலில் ஒரு பங்கு மழைகூட அதனிடம் மிஞ்சுவதில்லை.

இத்தனை மழையும் பெரும்பாலும் சில மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. காடுகள் குறைந்தன, நிலக்கரிக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் மலையைத் தோண்டினார்கள், மேல்மண்ணை மழையே அரித்துச் சென்றது. தண்ணீர் தங்குவதற்கு இடமில்லாமல் சில்ஹெட்டை நோக்கி ஓடிவிடுகிறது. தை, மாசி மாதங்களில் அந்த ஊர்ப் பெண்கள் சுனைகளைத் தேடிக் குடங்களுடன் நடக்கிறார்கள். நடக்க இயலாதவர்கள், லாரியில் வரும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.