கோவளத்தின் கோடை அலைகள்

கோவளம் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கரமனையாறு கடலில் கலக்கும் பனத்துறையை அடுத்து இருக்கிறது. நீண்ட ஒற்றைக் கடற்கரை என்று அதைச் சொல்ல முடியாது. பாறை முனைகள் கரையைச் சிறு சிறு வளைவுகளாக வெட்டியிருக்கின்றன: தெற்கே கலங்கரை விளக்கக் கடற்கரை, அதை ஒட்டி ஹவா, வடக்கே சமுத்திரா. தெற்கு முனைக் குன்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் 36 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் 1972-இல் செயல்படத் தொடங்கியது. மணலில் ஆங்காங்கே கறுப்பு வரிகள் ஓடும். இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்த மணல் அது. சென்னைக்குத் தெற்கேயும் ஒரு கோவளம் உண்டு. 2013 முதல் அலைச்சறுக்கு விழா நடத்திப் பெயர் பெற்ற ஊர் அது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் அலைக்கணிப்பைப் பார்த்துவிட்டு மற்றொன்றுக்குக் கிளம்புவது நடக்கக்கூடியதே. ஆனால் இரண்டும் வேறு வேறு கடலைப் பார்த்து நிற்கின்றன, பருவங்களும் வேறு.

அலை எதன்மேல் உடைகிறது என்பதைக் கொண்டு கடற்கரைகளைப் பிரிப்பது அலைச்சறுக்குக்காரர்களின் வழக்கம். பவளப்பாறைமேல் உடைவது ஒரு வகை, பாறை முனையைச் சுற்றி வளைந்து உடைவது இன்னொரு வகை, மணல் திட்டின்மேல் உடைவது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு 'பீச் பிரேக்' என்று பெயர். கோவளம் இதில் சேரும். பாறை நகராது, மணல் நகரும். போன மாதம் நல்ல அலை எழுந்த இடத்தில் இந்த மாதம் வெறும் நுரை மட்டும் மிஞ்சலாம். ஆகவே இங்கே அலை நன்றாக இருக்குமா என்ற கேள்விக்குப் பதில் அடியில் கிடக்கும் மணலிலும் வெளியிலிருந்து வரும் அலையிலும் சரிபாதியாக இருக்கிறது. மேலே வீசும் காற்று அந்தப் பதிலைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான்.

மார்ச்சிலிருந்து மே வரையிலான கோடையில் திருவனந்தபுரத்தின் பகல் வெப்பம் 33 டிகிரியை ஒட்டி நிற்கும். மதுரைக்காரருக்கோ வேலூர்க்காரருக்கோ இது வெயிலாகவே தோன்றாது. ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் அந்த 33-ஐ இரண்டு மடங்கு கனமாக்கிவிடும். கடல்நீரும் சூடாகவே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அரபிக்கடலின் தென்கிழக்கு மூலையில் மேற்பரப்பு நீர் 30 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். உலகப் பெருங்கடல்களின் வெப்பமான பகுதிகளில் ஒன்றாக அது அப்போது ஆகிறது.

காற்றுக்கு ஓர் அன்றாட ஒழுங்கு உண்டு. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். கரையை நோக்கி வரும் அலையின் முகத்தை அது எதிர்த்துத் தாங்கிப் பிடிக்கிறது. அலை உடனே சரிந்துவிடாமல் செங்குத்தாக நின்று, வழவழப்பாக உடைகிறது. காலை பத்து மணி வாக்கில் நிலம் சூடேறியதும் காற்று திசை மாறி, வடமேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கடற்காற்றாக வரத் தொடங்கும். பிற்பகலுக்குள் கடல்மேல் குறுகிய அலைகள் கலைந்து கிடக்கும். பயிற்சியாளர்கள் விடியலில் பலகையோடு இறங்குவதற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை. ஏப்ரல், மே மாலைகளில் இன்னொன்றும் சேரும்: சகியாத்திரிமேல் திரண்ட இடிமேகம் கரைவரை இறங்கி வரலாம். திறந்த கடற்கரையில் மின்னல் சாதாரண ஆபத்து இல்லை. கோடை மழைதானே என்று நீரிலேயே நிற்பவர்கள் நிறையப் பேர், அது தவறு.

இவ்வளவும் உள்ளூர்ச் சமாச்சாரம். அலை உள்ளூர்க்காரன் இல்லை. கோடைக் கோவளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். குமரிமுனைக்குத் தெற்கே கடலில் நேராகப் போனால் சில சிறு தீவுகளைத் தவிர அண்டார்க்டிகாவரை நிலமே கிடையாது. தெற்கு அகலக்கோடு 40-க்கும் 60-க்கும் இடையே ஆண்டு முழுவதும் புயல்கள் மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. நமக்குக் கோடை முற்றும்போது அங்கே குளிர்காலம் நெருங்குகிறது. புயல்களின் வலு கூடுகிறது. அந்தக் காற்று எழுப்பும் அலைகளில் ஒரு பகுதி வடக்கே கிளம்பி, காற்றைப் பின்னால் விட்டுவிட்டுத் தானே பயணம் செய்கிறது. கடலியலில் இதற்கு 'ஸ்வெல்' என்று பெயர். இங்கே தூரத்து அலை என்று வைத்துக்கொள்ளலாம்.

தூரத்து அலையை உள்ளூர்க் காற்றலையிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் அலைக்காலம், அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும்வரை ஆகும் நேரம். பிற்பகல் கடற்காற்று எழுப்பும் அலைக்கு அது ஐந்தாறு வினாடி. தென்கடலிலிருந்து வருவதற்கு 14 முதல் 20 வினாடி. 16 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 400 மீட்டர். அந்த அலைக்கூட்டம் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். தெற்கு 50 டிகிரியிலிருந்து கோவளம்வரை சுமார் 6,500 கிலோமீட்டர். ஆக, திங்கட்கிழமை அங்கே அடித்த புயலின் அலை ஞாயிற்றுக்கிழமை இங்கே குளித்துக்கொண்டிருப்பவரின் காலைத் தட்டும். அன்று திருவனந்தபுரத்து வானத்தில் மேகத் துணுக்குகூட இல்லாமல் இருக்கலாம்.

அலைக்காலம் நீளமாக இருக்கும் அலைகள் வேகமாகப் போகும் என்பதால் அவை முதலில் வந்து சேரும். முதல் நாள் உயரம் குறைவாக, நீண்ட இடைவெளியோடு அலைகள் வரும். மறுநாள் உயரம் கூடும். அதற்கு அடுத்த நாள்களில் இடைவெளி குறையும். இந்த வரிசையை அளந்தே புயல் எவ்வளவு தூரத்தில் எழுந்தது என்று கணக்கிட்டுவிடலாம். வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளரும் அவருடைய குழுவினரும் 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்காவரை அளவு நிலையங்கள் வைத்து, தென்கடல் புயல்களின் அலைகள் பசிபிக்கைக் கடந்து போவதைப் பின்தொடர்ந்தார்கள். பாதிக் கடலைக் கடந்த பிறகும் அலைகளின் ஆற்றல் பெரிதாகக் குறையவில்லை என்பது அந்த ஆய்வில் தெரிந்தது.

கரையை நெருங்கும்போது என்ன நடக்கிறது என்பதும் நீளத்தைப் பொறுத்ததே. அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் கடலடியை உணரத் தொடங்குகிறது. ஆறு வினாடி அலை 28 மீட்டர் ஆழத்தில்தான் தரையைத் தொடும். 16 வினாடி அலைக்கோ 200 மீட்டரிலேயே, அதாவது கண்டத்திட்டின் விளிம்பிலேயே, பிரேக் விழ ஆரம்பித்துவிடும். அங்கிருந்து மெல்ல வேகம் குறைந்து, வளைந்து, உயர்ந்து வருகிறது. நீரின் ஆழம் அலை உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகச் சுருங்கும் இடத்தில் உடைகிறது. ஒரு மீட்டர் அலை நெஞ்சளவு நீரில் உடையும் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை இல்லை. கோவளத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். ஆனாலும் மணல் திட்டின்மேல் அரை மீட்டர் நீர் கூடுவதும் குறைவதும் போதும். ஏற்றத்தில் கரையோரமாகத் திடீரென்று உடையும் அலை, இறக்கத்தில் வெளித்திட்டிலேயே உடைந்து நெடுந்தூரம் உருண்டு வரும்.

இந்த அலையில்தான் கோவளத்துப் பிள்ளைகள் சறுக்கக் கற்றார்கள். 2005-இல் தொடங்கிய கோவளம் சர்ஃப் கிளப், பள்ளியைவிட்டு நின்ற கடலோரப் பிள்ளைகளைத் திரும்பப் படிக்க அனுப்பும் ஒரு தொண்டு முயற்சியோடு சேர்ந்து வளர்ந்தது. பள்ளிக்குப் போகாதவனுக்குப் பலகை கிடையாது என்பது அதன் நிபந்தனை. கட்டுமரத்தில் அலை தாண்டிப் பழகிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பலகைமேல் நிற்பது பெரிய வித்தை இல்லை. எந்த அலை உடையும், எது உடையாமல் போகும் என்பதைப் பார்த்தவுடன் சொல்ல அவனுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து காசு கட்டிக் கற்பவர்கள் முதலில் திணறுவது அந்த இடத்தில்தான்.

தூரத்து அலையே அளவு மீறினால் அதற்குக் கேரளக் கடற்கரையில் கள்ளக்கடல் என்று பெயர். மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், காற்றோ மழையோ இல்லாத நாளில், அலைகள் வழக்கமான எல்லையைத் தாண்டிக் கரையேறி வீடுகளுக்குள் புகும். சில இடங்களில் அதற்கு முன் கடல் உள்வாங்குவதும் உண்டு. 2005 மே மாதத்தில் கேரளக் கரையில் பல இடங்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட பிறகுதான் ஆய்வாளர்கள் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் பெருங்கடல் தகவல் மையம் 2020-இல் இதற்கென்று தனி முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது.

2024 மார்ச் 31 நிகழ்வு நல்ல சான்று. தென் அட்லாண்டிக்கில், இந்தியக் கரையிலிருந்து 10,000 கிலோமீட்டர் தொலைவில் தோன்றிய ஒரு காற்றழுத்தத் தாழ்வு தென் இந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்தது. அங்கே 11 மீட்டர்வரை அலைகள் எழுந்ததாக இன்காய்ஸ் விளக்கியது. அந்த அலைகள் மாத முடிவில் கேரளத்துக்கு வந்ததில், பூந்துறை உட்படத் திருவனந்தபுரத்துக் கடலோரக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. சற்று வடக்கே வர்க்கலைப் பக்கத்தில் மாநிலத்தின் முதல் சர்வதேச அலைச்சறுக்கு விழா அதே நாளில்தான் முடிவடைந்தது.

இத்தகைய எச்சரிக்கைகளில் அலை உயரம் அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர்வரை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இடுப்பளவு அலைக்கா இந்த அமர்க்களம் என்று படிப்பவர் நினைப்பது இயல்பு. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அலை சுமந்து வரும் ஆற்றல் உயரத்தை மட்டும் பொறுத்ததில்லை, அலைக்காலத்தையும் பொறுத்தது. ஒரே உயரத்தில் எட்டு வினாடி அலையைவிட 16 வினாடி அலைக்கு இரு மடங்கு ஆற்றல் உண்டு. மணல் சரிவில் அது ஏறும் உயரமும் ஏறத்தாழ இரு மடங்கு. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் உயரத்தைச் சொல்லி வினாடியை விட்டுவிடுகின்றன. அறிவிப்பின் பாதிப் பொருள் அதோடு போய்விடுகிறது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தில் கணபதிபுரத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தபோது எச்சரிக்கை நடப்பில் இருந்தது.

குளிப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் அலையின் அடி இல்லை, அது திரும்பும் இழுப்பு. வரிசையாக வந்து உடையும் அலைகள் கரையோரம் நீரைக் குவிக்கின்றன. அந்த நீர் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் வழியாகவோ பாறை முனையை ஒட்டியோ குறுகலான ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் ஆழம் கூடுதல் என்பதால் அலை உடையாது. சுற்றிலும் நுரை இருக்க அது மட்டும் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளை அமைதியான இடம் பார்த்து இறக்கிவிடும் பெற்றோர் அதையே தேர்ந்தெடுப்பார்கள். கோவளத்தில் வளைவுக்கு வளைவு பாறை இருப்பதால் இழுப்பு உண்டாகும் இடங்களும் ஓரளவு நிலையானவை. உயிர்க்காப்பாளர்கள் அங்கேதான் சிவப்புக் கொடி நடுகிறார்கள். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும்.

மே கடைசியில் எல்லாம் மாறும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்க வழக்கமான நாள் ஜூன் 1. 2025-இல் மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. பருவமழை தொடங்கியதும் உள்ளூர்க் காற்றே பெரிய அலைகளை எழுப்பும். அவை குறுகிய இடைவெளியில், செங்குத்தாக, ஓயாமல் வந்து கரையின் மணலை அரித்துக் கடலுக்குள் கொண்டுபோகும். ஆற்றுவெள்ளம் பனத்துறையில் கோடை மணலால் அடைபட்ட ஆற்றுமுகத்தை உடைத்துத் திறக்கும். கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணை சில நாளில் திருவனந்தபுரத்துக் கரைகளில் ஒதுங்கியதை வைத்து அந்த நீரோட்டத்தின் திசையைப் புரிந்துகொள்ளலாம். ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாளைக்கு விசைப்படகுகளுக்குத் தடை. தொடக்கநிலை அலைச்சறுக்குப் பயிற்சிக்கும் இது காலமில்லை.

ஆகஸ்ட் கழிந்து காற்று தணிந்ததும் நீண்ட, தாழ்ந்த தூரத்து அலைகள் போன மணலைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். பாறை முனைகள் மணலைப் பிடித்து வைக்கும் கோவளத்தில் இந்தப் போக்குவரத்து ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. வடக்கே திறந்த கரையில் கணக்கு சரியாக வருவதில்லை. பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு எழுந்தருளும் சங்குமுகத்தில் மணலோடு சாலையும் அரிபட்டது. வலியதுறையில் 1956-இல் கட்டிய கடற்பாலம் 2021 மே மாதப் புயலில் சேதமடைந்து, 2024 மார்ச்சில் ஒரு பகுதி சரிந்தது. 2015-இல் கட்டத் தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்தின் மூன்று கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவரே இந்த அரிப்புக்குக் காரணம் என்று மீனவர்கள் 2022-இல் மாதக்கணக்கில் போராடினார்கள். அரிப்பு முன்பே இருந்தது, புயல்கள் கூடிவிட்டன என்பது துறைமுகத் தரப்பின் வாதம். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், மழைக்காலத்தில் போகும் மணல் அடுத்த கோடைக்குள் முழுதாகத் திரும்புவது வலியதுறையில் நின்றுவிட்டது. முன்வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அலை உடைகிறது.