நாணல் வழி வந்த கரும்பு

பள்ளிபாளையத்தில் காவிரிக்கரையில் நாணல். கரையை விட்டு இறங்கினால் கரும்பு. இரண்டும் ஒரே பேரினத்துப் புற்கள். நாணல் தண்டு மெலிது, சாறும் இனிப்பும் அற்பம். ஆனால் வெள்ளம் சாய்த்துப்போட்டாலும் அடிக்கிழங்கிலிருந்து திரும்ப எழும். வறண்ட மணலிலும் பட்டுப்போகாது. இந்த உறுதிதான் கரும்புக்குள் போய்ச் சேர்ந்தது.

நடவு நாளில் வயலோரம் ஆறேழு மாத விதைக்கரும்பைக் கட்டையின் மேல் வைத்து, இரண்டு பரு நிற்கும்படி கரணை வெட்டுகிறார்கள். கத்தி ஒரே வெட்டில் இறங்க வேண்டும். முனை நசுங்கினால் அதன் வழியே அழுகல் ஏறும். காய்ந்த பருவும் பூச்சி துளைத்த கணுவும் கை நிற்காமலேயே ஒதுங்கிவிடுகின்றன. தண்ணீர் விட்ட பாரில் பெண்கள் கரணையைப் பரு பக்கவாட்டில் இருக்க வைத்து, காலால் மிதித்துச் சேற்றில் அழுத்துகிறார்கள். கூலிக்கணக்கில் தனியாக எழுதப்படாத தேர்ச்சி இது.

கரணையில் முளைப்பது தாய்க்கரும்பின் நகல்தான். புது ரகம் வேண்டுமானால் பூவுக்குப் போக வேண்டும். கரும்பு இயல்பாகப் பூக்கும் கோயம்புத்தூரில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்போடு உள்ளூர் நாணலை இணைத்தார்கள். பிறந்தது கோ 205. 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுதாகக் கொடுத்தது. 64 கொண்ட நாணல் பாதியைக் கொடுத்தது. பிள்ளைக்கு 112. காட்டுப்புல்லைத் தகப்பனாக்கிய அந்தத் துணிச்சலுக்கு ஈடான வேலை நம் வேளாண் வரலாற்றில் குறைவு.

கலப்பு வேலை பொறுமையைக் கேட்கும். பூக்கள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுக்க முடியாது. அதனால் மகரந்தத்தை அயோடினில் சோதித்து, வீரியமற்ற மகரந்தம் உள்ள செடியைப் பெண்ணாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் கதிருக்கு மேலே ஆண் கதிரைக் கட்டி, துணிக்கூண்டால் மூடுகிறார்கள். முற்றியபின் கிடைப்பது பஞ்சோடு ஒட்டிய தூசி போன்ற விதை. ஒவ்வொரு நாற்றும் தனி ரகம்; பெரும்பாலானவை கழிக்கப்படும்.

தானியப் பயிர்களும் இந்த முயற்சியில் சேர்ந்தன. விரைவில் முற்றும் கரும்பைத் தேடி வெங்கட்ராமன் சோளத்தோடு கலப்புச் செய்தார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பிறந்த கலப்பினத்தை உருவாக்கினார். அவை வயலுக்கு வரும் ரகங்களாகவில்லை. ஆனால் புல்லினங்களுக்கு இடையிலான எல்லை எவ்வளவு நெகிழ்வானது என்பதைக் காட்டின.

தமிழ்நாட்டில் இன்று பரவலாக நிற்கும் கோ 86032 வெளியானது 2000-இல். இன்றைய ரகங்களின் குரோமோசோம்களில் சுமார் 10 முதல் 20 சதவீதம் நாணல் வழி வந்தவை. பள்ளிபாளையத்து வயலில் அந்த நாணல் உறுதியை அறுவடைக்குப் பின் பார்க்கலாம். வெட்டு ஆட்கள் தரையோடு தரையாக வெட்டிச் சோகையை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் பாய்ந்ததும் அடிக்கட்டையிலிருந்து கூர்ந்த துளிர்கள் கிளம்பி, கரணை ஊன்றாமலே அடுத்த கரும்பாகின்றன.