"என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீங்க



பாரிசவாதம் வந்து ஞாபகம் குறைந்த ஒருவரைப் பார்க்கப் போனால், "நான் யாரு? சொல்லுங்க பார்ப்பம்" என்றுதான் நம்மவர்கள் முதலில் கேட்கிறார்கள். சிலர் மூன்று தரம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்! அன்புதான், ஆனால் எங்கட மூத்தம்மா பதில் வராமல் அழுதுவிடுகிறார்.

வகுப்பில் நாங்கள் பிள்ளைகளை ஊகித்துச் சொல்ல விடுகிறோம். பிழை விட்டது பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும், திருத்திக்கொள்ளும். ஞாபகம் குறைந்தவருக்குத் திருத்தியது நிற்காது. வாயில் வந்த பிழையான பெயர்தான் படியும். பிரித்தானிய உளவியலாளர்கள் பாட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஊகிக்க விடாமல் சரியான விடையை முதலிலேயே கொடுத்தபோது அப்படியான நோயாளிகள் நன்றாகப் படித்தார்கள்.

வீட்டில் இப்போது ஸலாம் சொன்ன கையோடு, "மூத்தம்மா, நான் உங்கட மூத்த மகள்ட மகன்" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு நிமிடம் கழித்துக் கேட்போம், பிறகு 2, 4, 8 நிமிடம். தடுமாறினால் உடனே சொல்லிவிட்டு இடைவெளியைக் குறைப்போம். தொழுகைக்கும் மருந்துக்கும் ஒரு கொப்பி. அவரே சரி போடுவார். "லுஹர் தொழுதேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

போன ஞாபகம் இதனால் திரும்பாது. அன்றாட வேலை கொஞ்சம் இலேசாகும், அவ்வளவுதான். கை கால் பயிற்சிக்குக் கூட்டிப் போகும்போது ஞாபகத்தைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

பெருநாளைக்கு மூத்தம்மாவைப் பார்க்க வருகிறவர்கள், வாசலிலேயே பெயரைச் சொல்லிக்கொண்டு வாங்க.