தேரிலிருந்து திண்ணைக்கு

பெயர் ஹரித்ரா நதி. ஆனால் அது குளம். மன்னார்குடியில் 23 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்தத் தெப்பக்குளத்தின் கரையிலிருந்து பிரியும் ஒரு சந்து. அங்கே திண்ணையில் பாய் விரித்து, துணிகளை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார் அந்த அக்கா. சிவப்பு ஒரு குவியல், மஞ்சள் ஒரு குவியல், வெள்ளையும் பச்சையும் தனித்தனியே. கறுப்பு மட்டும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. தையல்கடையில் கறுப்புத் துண்டு குறைவாகத்தான் மிஞ்சுமாம். யாளிக்கும் அன்னத்துக்கும் கண் வைக்க அதுதான் வேண்டும்.

"உக்காருங்க தம்பி. காத்தாடி போட்டா துணி பறக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார்.

அவர் செய்வது சுவரில் மாட்டும் சிறு தொங்கல்கள். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம். நடுவில் ஒரு தாமரை, அல்லது ஓர் அன்னம், அல்லது பாயும் யாளி. சுற்றிலும் கயிற்றுக் கரை. அங்கங்கே கண்ணாடிச் சில்லு, பாசிமணி, கொஞ்சம் சரிகை. தொட்டால் மெத்தென்று இருக்கிறது, உள்ளே ஏதோ உறங்குவதைப் போல.

இந்த வேலையின் பூர்வீகம் தேர். டெல்டாவில் தேரோட்டம் பார்த்த யாருக்கும் தொம்பை தெரியும். தேரின் மேலடுக்குகளைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்கி, தேர் அசையும்போது தானும் அசையும் வண்ணத் துணிக்கூடுதான் அது. நெல் கொட்டி வைக்கும் குதிருக்கும் இங்கே தொம்பை என்ற பெயருண்டு. உருவம் ஒன்றாக இருப்பதைக் கண்டு துணிக்கும் அதே பெயரை வைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. தொம்பையோடு வாசலுக்குத் தோரணம், சுவாமிக்கு மேலே கட்டும் சதுர விதானம் ஆகியவையும் தஞ்சாவூர்த் தையல்காரர்களின் கைவேலைகள். அந்த விதானத்துக்கு ஆஸ்மானகிரி என்று பெயர். ஆஸ்மான் என்றால் பாரசீகத்தில் வானம். 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்து அரண்மனை வாடை அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது.

அக்காவின் மாமனார் தஞ்சாவூரில் தேர்ச்சீலை தைத்தவர். அவரிடம் இவர் முறையாகக் கற்கவில்லை. பசை காய்ச்சிக் கொடுப்பதும் காகித அச்சை வைத்துத் துணி வெட்டுவதும்தான் மருமகளுக்கு விடப்பட்ட வேலைகள். தையல் தானாகவே கைக்கு வந்தது.

பசையிலிருந்தே தொடங்கினார். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சும்போது துளி மயில்துத்தம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். பழைய பைண்டிங் கடைகளிலும் இதே பக்குவம்தான். மயில்துத்தம் நஞ்சு என்பதால் பசைச்சட்டியை அடுப்படியில் சேர்ப்பதில்லை. கொல்லைப்புறம் தனியாக ஒரு ஆணியில் தொங்குகிறது.

அடித்துணி காடா. அதை முதல்நாளே நனைத்து, சுருங்கவிட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்டு வைக்கிறார். சிவப்புத் துணியை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்கிறார். சாயம் இறங்கினால் அது வேலைக்கு ஆகாது. உருவங்களை வெட்டிப் பசையால் லேசாக ஒட்டி, ஓரத்தை மடித்து எம்மிங் போட்டு, அந்த ஓரத்தின் மேல் வெள்ளைக் கயிற்றை வளைத்து வளைத்துத் தைக்கிறார். கயிறு பிசிரை மறைக்கிறது. அதைவிட முக்கியமாக, கோடு போடுகிறது. ஓவியர் கடைசியில் தீட்டும் விளிம்புக்கோடு இங்கே கயிறாகிவிடுகிறது.

அடுத்து வருவது தேரில் இல்லாத வேலை. காடாவின் அடியில் பழைய நூல்சேலையை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து, அதற்கும் அடியில் இன்னொரு துணி கொடுத்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுகிறார். தாமரையைச் சுற்றித் தையல் அலையலையாகப் போகிறது. தையல் விழுந்த இடம் பள்ளமாகவும் விழாத இடம் மேடாகவும் எழும்புகிறது.

"இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? எங்க அத்தை பிள்ளைங்களுக்கு விரிப்பு தைப்பாங்கள்ல, அதேதான்."

கைக்குழந்தைக்குப் பழஞ்சேலையை அடுக்கித் தைக்கும் விரிப்பு நம் வீடுகளில் கலையென்று யாரும் எண்ணாத பொருள். ஆணின் தொழில் தேர்ச்சீலை. கோயில் வாசலில் அதற்கு மரியாதை உண்டு. பெண்ணின் விரிப்பு நனைந்து, துவைத்து, கிழிந்து, கரித்துணியாகிப் போகும். இந்தச் சிறு தொங்கலில் மேலே தெரிவது மாமனாரின் தொழில், உள்ளே இருப்பது மாமியாரின் கைப்பழக்கம். இரண்டையும் ஒரே ஊசியில் கோத்தவர் இவர்.

நாட்டின் மற்ற பக்கங்களிலும் இவ்விரண்டு வழிகளும் உண்டு. பூரி ஜெகந்நாதர் தேர்களுக்கு ஆண்டுதோறும் புதுத்துணி போர்த்துகிறார்கள். மூன்றிலும் சிவப்பு உண்டு. அதோடு ஜெகந்நாதருக்கு மஞ்சள், பலபத்திரருக்குப் பச்சை, சுபத்திரைக்குக் கறுப்பு. அந்தத் தேர்த்துணி மரபில் வந்த பிப்பிலி ஊர்க்காரர்கள் இன்று விளக்குக்கூடும் பையும் தைத்து விற்கிறார்கள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கும் பெண்கள், சேலைக்கரையிலிருந்தே நூலை உருவிப் பூ வேலை செய்தார்கள். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்த் விரிப்பின் நான்கு மூலையிலும் அடுக்குத் துணியால் ஒரு பூ இருக்க வேண்டும். பூ இல்லாத விரிப்பு அம்மணம் என்பார்கள் அவர்கள்.

மன்னார்குடி அக்காவுக்கும் அப்படி ஒரு கண்டிப்பு உண்டு. அது பார்வையின் தூரம் பற்றியது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. மூங்கில் கட்டி, துணி போர்த்தி உயர்த்தும் அந்த உச்சியில் தொங்குவதை வீதியில் நிற்பவர் அண்ணாந்துதான் பார்க்க முடியும். அதனால்தான் தேர்ச்சீலையில் உருவம் பெரிது, நிறம் நாலைந்தே, நிழல் கிடையாது.

"அவ்வளவு உசரத்துல தொங்குறதுல யாரு தம்பி தையலை எண்ணிப் பாக்கப் போறா? அங்க பளிச்சுனு தெரிஞ்சாப் போதும். இது அப்படியில்ல. சோபாவுல உக்காந்துக்கிட்டு ரெண்டு அடி தூரத்துல பாப்பாங்க. ஒரு தையல் கோணினாலும் அதுலதான் கண்ணு போவும்."

அளவைச் சுருக்கினால் வேலை சுருங்குவதில்லை, கூடுகிறது. ஒரு தொங்கலுக்கு ஐந்து நாள் ஆகிறது. "நடவுக்குப் போனா சாயங்காலமே கூலி கைக்கு வந்துடும். இதுல அஞ்சு நாள் உக்காந்தாலும், வாங்க ஆள் வந்தாத்தான் காசு" என்றபோது அவர் குரலில் குறை இல்லை, கணக்கு இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. வெல்வெட்டும் ஃபெல்ட்டும் வெட்டி மெஷினில் ஓட்டிய தொம்பைகள் கோயில்களில் மாட்டப்படுகின்றன; மழைக்கு அவை தாங்கும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் கையால் தைத்த ஒன்றை வாங்கும்போது பேரம் பேசுகிறவர், அந்த ஐந்து நாளைத்தான் குறைத்துக் கேட்கிறார்.

அக்காவின் தையல் காலத்தை வகுப்பது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். தண்ணீர் ஓடும் மாதங்களில் நாற்று, நடவு, களை என்று கைகள் வயலுக்குச் சொந்தம். உளுந்து தெளித்து, சம்பா அறுவடையும் முடிந்த பிறகுதான் திண்ணை நிறையத் துணி வருகிறது. இந்தப் பக்கத்துத் தேர்த் திருவிழாக்கள் பலவும் அந்த ஓய்வு மாதங்களில்தான். ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனிப் பெருவிழா மட்டும் 18 நாள். வெண்ணெய்த்தாழி உற்சவத்தன்று ஊரே வீதியில் நிற்கும். வெளியூரில் குடியேறிய பிள்ளைகள் ஊர் திரும்புவது அப்போதுதான். அக்காவின் தொங்கல்களில் சில அவர்கள் பெட்டிகளில் ஏறிப் போகின்றன.

முடிந்த யாளி ஒன்றை எதிர்வீட்டுச் சுவர் ஆணியில் மாட்டச் சொன்னார். மாட்டிவிட்டு வந்து அவர் திண்ணையிலிருந்து பார்த்தேன். வாலும் பிடரியும் துல்லியமாகத் தெரிந்தன. தேரில் பார்த்த யாளியேதான். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சந்தின் குறுக்கே போய், முகத்தை அருகே வைத்து உற்றுப் பார்த்தார். கழற்றி எடுத்து வந்து மடியில் போட்டுக்கொண்டார். முன்னங்காலுக்குக் கீழே மூன்று தையலைப் பிரித்துவிட்டு, ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுபடி நூல் கோத்தார்.